அப்பாவுக்கு மூன்று போதும்

காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டையும் மாட்டிக்கொண்டு, டப்ளின் வீட்டுச் சமையலறையில் நின்று நான் செய்யும் முதல் வேலை ஃபேன் போடுவது. இந்த வீட்டில் ஃபேன் கிடையாது. நான் போய்ப் பார்த்த எந்த வீட்டிலும் கிடையாது. வந்த புதிதில் அண்ணாந்து பார்த்து, முன்பு குடியிருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். நான் போடுவது எங்கள் ஊர் மரக்காணத்து வீட்டு ஃபேனை. அங்கே அப்போது பதினொன்றரை மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். போனில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். மூன்றைத் தொட்டால் போதும், அத்தனை கடல் தாண்டி அப்பாவின் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். எத்தனை தடவை செய்தாலும் "அடேயப்பா!" என்று வாயில் வந்துவிடும்.

அப்பா உப்பளத்துக்காரர். பாத்தியில் இறங்கி உப்பு வாரியே எங்களை வளர்த்தவர். முன்கோபி. டீயில் சர்க்கரை குறைந்தால் டம்ளர் தரையில் விழும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நானும் அவர் மகள்தானே, பதிலுக்குப் பதில் பேசுவேன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. அம்மா இன்னமும் விடியுமுன் உப்பளத்துக்குப் போய்ப் பகல் பன்னிரண்டுக்குத் திரும்புகிறாள். அதுவரை அவர் கட்டிலில் தனியாகத்தான் கிடப்பார்.

இதில் ஃபேன் எங்கே வந்தது என்றால், எங்கள் பக்கத்தில் வாதம் வந்த உடம்புக்கு ஃபேன் காற்று படக்கூடாது என்பார்கள். அம்மா அதை அப்படியே நம்பினாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு ஃபேனை நிறுத்திவிட்டுப் போவாள். வீடியோவில் பார்த்தேன். மனுஷன் வேர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"டாக்டரைக் கேட்டாச்சும்மா, ஒண்ணும் ஆவாதாம்."

"டாக்டரா கூட இருந்து பாக்குறாரு? ஊரே சொல்லுது, நீ மட்டும் இன்னாடி?"

தம்பி செல்வம் எலக்ட்ரீஷியன். கோட்டக்குப்பத்தில் வளைகுடாவில் சம்பாதிப்பவர்கள் கட்டும் வீடுகளுக்கு இப்படிப் போனில் இயங்கும் ஃபேன், லைட் எல்லாம் மாட்டித் தருபவன். அவனிடம் சொல்லி அப்பா அறையிலும் ஒன்று மாட்டவைத்தேன். டைமர் வைத்துவிடலாம் என்றான். வேண்டாம், என் கையால்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். தூரத்தில் இருக்கும் மகளுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

பன்னிரண்டு மணிக்கு அம்மா வந்து ரிமோட்டில் நிறுத்துவாள். நான் இங்கிருந்து போடுவேன். மறுபடி நிறுத்துவாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருநாள் காலை இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் மோரா எட்டிப் பார்த்தாள். போனில் ஏதாவது விளையாட்டா என்று கேட்டாள். அம்மா அப்பாவின் ஃபேனை நிறுத்துகிறாள், நான் போடுகிறேன் என்றேன். மோரா மேலே பார்த்து, "உன் அப்பா அம்மா இங்கே மாடியில்தான் இருக்கிறார்களா?" என்றாள். இல்லை, இந்தியாவில் என்று பெருமையோடு விளக்கினேன். வாயைப் பிளப்பாள் என்று பார்த்தால், அவள் சாதாரணமாக, "அவருக்கு எது வேண்டுமாம்?" என்று கேட்டாள்.

"அவரால் பேச முடியாது."

"சரி, பட்டன் அவர் கைக்கு எட்டுகிறதா?"

சுருக்கென்றது. எங்கள் இல்லத்தில் அறையைவிட்டு வெளியே வருமுன், அழைக்கும் பட்டனை அவரவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நானே வைக்கிறேன். ஜன்னலைத் திறக்கவா, மூடவா என்று கேட்காமல் கை வைக்க மாட்டார்கள் இந்த ஊர்க்காரர்கள். இந்த மரியாதையை நான் மனதாரப் போற்றுகிறேன். ஊரில் நோயாளிக்கு நாங்கள் உயிரையே கொடுப்போம், ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். மூன்று போதும் என்று அப்பாவுக்கு முடிவு செய்தது யார்? நான்தான்.

"டேய் செல்வம், அப்பா கையில ஒரு பட்டன் வேணும்டா."

"அவருக்கு எதுக்குக்கா? நீதான் போடுறியே."

"அதாண்டா தப்பு."

கெட்டிக்காரன் அவன். இரண்டே நாளில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டனைக் கட்டிலின் இடது சட்டத்தில் பொருத்தினான். ஒருமுறை அமுக்கினால் ஒரு எண் ஏறும். உப்புக்காற்று புகுந்து அரிக்காமல் சுற்றிலும் பசை பூசினான். அப்பாவின் கையைப் பிடித்து அமுக்கியும் காட்டினான். அம்மாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி வைத்தான்.

அப்பா தொடவே இல்லை. ஒருநாள், இரண்டு நாள், நான்கு நாள். காலையில் நான் வைத்த மூன்று மூன்றாகவே இருந்தது. "கண்ண மூடிக்கிறாருக்கா" என்றான் செல்வம். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த உடம்புக்குள் அப்பா இன்னும் இருக்கிறாரா, இல்லை நாங்கள் வெறும் உடம்புக்குத்தான் காற்று போட்டுக்கொண்டிருக்கிறோமா? இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பஸ் நிறுத்தத்தில் நின்று போனைப் பார்த்தேன். மூன்று இருந்த இடத்தில் நான்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து. சந்தோஷப்பட்டேனா? அம்மாவின் மகளாயிற்றே, இவ்வளவு காற்று ஆகாது என்று உடனே மூன்றுக்கு இறக்கினேன். நான்கு, ஐந்து என்று ஏறியது. இறக்கினேன். மறுபடி ஏறியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வருடம் கழித்து என் அப்பா என்னோடு சண்டை போடுகிறார்! ஆசை தீராமல் இன்னொரு முறை இறக்கினேன்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "இன்னாடி பண்ற நீ? மேல பாத்து மொறைக்கிறாரு. பட்டன்லேர்ந்து கைய எடுக்க மாட்டேங்கிறாரு."

"அப்பா காதுல வைம்மா."

தலையணையில் போன் உரசும் சத்தம் கேட்டது.

"அப்பா, மூணு வேணுமா, அஞ்சு வேணுமா? நான் இனிமே தொடமாட்டேன். நீங்களே வச்சிக்குங்க."

பட்டன் ஒருமுறை 'டக்'கென்றது. சற்று நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு போனுக்குள் காற்று இரைய ஆரம்பித்தது. சுவரில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. என் பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏறச் சொல்லிச் சைகை செய்தார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, போங்கள் என்று கையைக் காட்டினேன்.