நான்தான் ஒடச்சேன்

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா. முஸ்லிம் பெண்மணி, நான் அவரை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். படிக்கட்டு ஓரமெல்லாம் அவருடைய அந்தூரியம் பூச்சட்டிகள்.

ஒரு நாள் காலை கண்டி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இறங்கியபோது, என் கைப்பை பட்டு ஒரு சட்டி உருண்டு உடைந்தது. மூன்று வயது மகள் எனக்குப் பின்னால் நின்றாள். சத்தம் கேட்டு ராத்தா வெளியே வந்தார்.

"யாரு ஒடச்ச?"

"சின்னவதான் ராத்தா. தட்டி விட்டுட்டா." யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொரி சொல்லு" என்றேன். சொன்னாள்.

ராத்தா அவள் கன்னத்தைத் தடவி, "பரவாயில்ல, சின்னப் புள்ளதானே" என்றார்.

அவளை நர்சரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் மறந்தும் போனேன். அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அவள் மறக்கவில்லை. அந்த வாரமே என் கணவர் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவி உடைந்தது. முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடி வந்து, "நான்தான் ஒடச்சேன். சொரி" என்றாள். அவர் சிரித்துவிட்டார். மறுநாள் காற்றில் கதவு அறைந்தது. அதற்கும் "நான்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன்.

"ராத்தா, அன்னைக்குச் சட்டிய ஒடச்சது நான். பிள்ள மேல பழியப் போட்டுட்டேன்."

"எனக்கு அண்டைக்கே வெளங்கிச்சு தங்கச்சி. புள்ளட மொகத்தப் பாத்தேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அம்மா, ஏன் அழுறீங்க?" என்றாள் மகள்.

அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன். "வெக்கமா இருக்கு பாப்பா. அம்மா பொய் சொல்லிட்டேன். நீ ஒடைக்கல."

"நான் ஒடைக்கல" என்று அவள் ராத்தாவிடம் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லலாமா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. அடுப்படியில் ஏதாவது விழுந்தால், பல மாதங்களுக்கு அவள்தான் முதலில் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு அவளிடம் போய், யார் தட்டிவிட்டது என்று சொன்னேன். பல தடவை அது நான்தான்.