நிறுத்த வழியில்லாத ஹோர்ன்

அக்கா தன் பல்லைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் கைப்பேசி திருத்தும் என் சின்னக் கடை அது. மேசை முழுக்கக் கழற்றிய ஆணிகளும் உடைந்த திரைகளும் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் வேரோடு வந்த கடைவாய்ப் பல். அவளுடைய கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அழவில்லை. "இது விழேக்க பக்கத்து வீட்டில ஒருத்தருக்கும் கேக்கேல்லையாமடி," என்றாள். கையிலிருந்த ஸ்குரூ ட்ரைவரோடு சல்லிக் கிராமத்துக்குப் போய் அந்த மனுசனின் கழுத்தில் இறக்கிவிட்டு வந்தால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அக்காவுக்கு அது எங்கே இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த மனுசன் அக்காவின் புருசன், எனக்கு அத்தான். வாய் கூசினாலும் முறைக்கு அப்படித்தான் சொல்லவேண்டும். சல்லியில் இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரர். அவரைப் போல இதமாகக் கதைக்க ஊரில் ஆளில்லை. கோயில் திருவிழாவில் கைகலப்பு வந்தால் விலக்குப் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் வந்தால் கதவைச் சாத்துவார், றேடியோச் சத்தத்தைக் கூட்டுவார், ஈரத் துவாயைக் கையில் சுற்றிக்கொள்வார். ஈரத் துவாய் சுற்றிய கை உள்ளே உடைக்கும், தோலில் அடையாளம் விடாது. முதுகில், விலாவில், அடிவயிற்றில். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளை ஒருமுறை மிதித்தார். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவே இல்லை. "என்ன பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்று யாராவது அக்காவிடம் கேட்டால் பதில் அவரிடமிருந்து வரும். "கிணத்தடியில வழுக்கிப்போட்டா, சொன்னாக் கேட்டாத்தானே," என்று சிரிப்பார். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். மீனவர் சங்கத் தலைவர் விசாரிக்க வந்தபோதும் அதே கதைதான். தேத்தண்ணி குடித்துவிட்டு, "புருசன் பெண்சாதிக்குள்ள நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது," என்று எழும்பிவிட்டார்.

மூன்று முறை அக்கா என்னிடம் ஓடி வந்திருக்கிறாள். மூன்று முறையும் அவர் பின்னால் வந்து, கடைக் கதிரையில் இருந்து, குரல் தழுதழுக்கக் கதைத்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு முறை திரும்பிப் போனதற்கும் அடி கூடியது. அடுத்த முறை பல்லோடு நிற்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "இஞ்சயே நில், நான் பாக்கிறன்," என்றேன். அவள் தலையாட்டவில்லை. "நிண்டால் வந்து கதைப்பார். கதைச்சால் நான் போவன். என்னை எனக்குத் தெரியுமடி. ஊர் கேக்கவேணும். கேக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாத மாதிரிக் கேக்கவேணும். அப்பிடி ஒரு சாமான் செய்து தா."

மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டும் அலாரம் கடைகளில் கிடைக்கும். தூரத்திலிருந்தே சாவிப் பொத்தானை அழுத்தினால் கத்தும், திரும்ப அழுத்தினால் நின்றுவிடும். "அவர் முதல் செய்யிறது அதைத்தான். நிப்பாட்டிற வழி வைக்காத," என்றாள். அப்படியென்றால் அந்த அலாரத்தின் மூளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்று வைக்கவேண்டும். எட்டுக் கால் உள்ள சின்னச் சிப் ஒன்று போதும். ஆனால் கடையில் வாங்கும் வெறும் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்யவேண்டும் என்ற புரோகிராமை அதற்குள் ஏற்றவேண்டும், அதற்கென்று ஒரு கருவி வேண்டும். ஊரில் அது இல்லை. கொழும்பில் சொல்லி எடுப்பித்தால் வாரக்கணக்காகும். அவள் அதுவரை உயிரோடு இருக்கவேண்டுமே.

ஆகவே அந்தக் கருவியை நானே செய்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்து நீல நிற எலக்ரோனிக் போர்ட் ஒன்று என்னிடம் கிடந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் சின்ன விளக்கை மினுக்கிப் பார்க்க வாங்குவது. அதை நடுவில் வைத்தே கணினியிலிருந்து சிப்போடு கதைக்கலாம் என்று படித்திருந்தேன். துளைப் பலகைத் துண்டொன்றில் சிப் உட்காரும் சொக்கற்றைப் பற்றவைத்து, போர்ட்டிலிருந்து ஆறு வயர் இழுத்தேன். அக்கா வீங்கிய கன்னத்தோடு ஈயக் கம்பியை நீட்டிப் பிடித்தாள். ஏற்றச் சொன்னால் ஏறவில்லை. இது வேறு சிப் என்று கணினி பிழை காட்டியது. வயரை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகுதான் விளங்கியது. கணினி சிப்பைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது. நடுவில் நிற்கும் போர்ட் விழுந்தடித்து எழும்பித் தானே பதில் சொல்லிவிடுகிறது. "இதுகும் உன்ர புருசன்தான் அக்கா," என்றேன். "உன்னட்டக் கேட்டா, இது பதில் சொல்லுது." சிரிக்கப் போனவள் தாடை நொந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அதின்ர வாயை என்னெண்டு மூடுறது?" என்றாள். கப்பாசிட்டர் ஒன்றை எடுத்து, போர்ட் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் காலுக்கும் தரைக் காலுக்கும் இடையில் செருகினேன். போர்ட் அடங்கியது. சிப் தன் பெயரைத் தானே சொன்னது, புரோகிராம் ஏறியது. ஒருமுறை தொடங்கினால் பற்றறி சாகும்வரை கத்தவேண்டும் என்பதுதான் அந்தப் புரோகிராம்.

ஹோர்ன் பழைய ஐஸ் லொறியொன்றிலிருந்து கழற்றியது. அதை அக்கா வீட்டில் வைத்தால் அத்தான் பிய்த்து எறிவார். பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடும் மாமியிடம் கேட்டோம். "எங்களுக்கு ஏன் பிள்ளை இந்த வில்லங்கம்," என்று முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாம் கேட்டது பிள்ளை. ஒவ்வொரு நாளும் கேட்டது. நான் மட்டும் கேட்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அவர் என்ர மகனுக்குப் படகில வேலை குடுக்கிறவர்." கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இது அடிச்சா எல்லாருக்கும்தானே கேக்கும்," என்றார். அன்றைக்கே ஹோர்னையும் பற்றறியையும் மாமியின் கூரைக்குள் கட்டினேன். அழுத்தும் சாவியை அக்கா பாவாடை நாடா மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பற்றறியைப் பார்க்க வந்தவள்போல மாமியின் குசினி அடுப்படியில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் றேடியோ திடீரென்று உரத்துப் பாடியது. பாட்டுக்குள் முதல் அடி விழுந்தது. நனைந்த சாக்கைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு அவளுடைய தலை சுவரில் மோதி மாமியின் அலுமாரியில் கோப்பைகள் ஆடின. நான் எழும்பினேன். மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். "பொறு பிள்ளை. அவள் அழுத்தட்டும்." மரமோ எலும்போ முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. அழுத்து, அழுத்து என்று நான் சுவரைப் பார்த்துப் பற்களைக் கடித்தேன். அதற்குப் பிறகுதான் எங்கள் தலைக்கு மேல் ஹோர்ன் வெடித்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது, நாய்கள் ஓடின, கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள்.

ஊர் முழுக்க வேலியடியில் நின்றது. அத்தான் வெளியே வந்தார். சாரத்தோடு, வெறும் மேலோடு, கையில் என்ஜின் கழற்றும் பெரிய ஸ்பனர், முழங்கை வரை இரத்தம். முகத்தில் மட்டும் அதே இதமான சிரிப்பு. கையை ஆட்டி ஏதோ சொன்னார், ஒன்றுமில்லை, போங்கள் என்றிருக்கவேண்டும். ஒரு சொல் கேட்கவில்லை. சங்கத் தலைவர் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தார். அவருக்கும் கேட்கவில்லை. அத்தான் வாய் ஓயாமல் கதைத்தார், கழுத்து நரம்பு புடைக்கக் கதைத்தார், ஊரே அவருடைய கையிலிருந்த ஸ்பனரைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஹோர்ன் எங்கே என்று தேடினார். தன் வீட்டு மீற்றர் வயரைப் பிய்த்தார், றேடியோவைத் தூக்கி முற்றத்தில் அடித்தார். அது கத்திக்கொண்டே இருந்தது. அப்போது அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி வெளியே வந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அவளைக் கண்டதும் அவருக்கு ஊர் நிற்பது மறந்துபோனது. அத்தனை பேருக்கும் முன்னால் ஸ்பனரை ஓங்கி அவளுடைய தோளில் போட்டார்.

முதலில் வேலியைத் தாண்டியது மாமி. அவருக்குப் பின்னால் சங்கத் தலைவர். தேத்தண்ணி குடித்த அதே மனுசன், அத்தானின் முகத்தில் குத்தினார். பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல ஏலாது. கருவாட்டுப் பந்தலோடு சேர்த்து விழுத்தி, மணலில் இழுத்து, மூக்கு உடைய, வாய் கிழிய அடித்தார்கள். ஊர் அவரை அப்படி அடித்ததைப் பிறகு பொலிஸிலும் மறைக்காமல் சொன்னேன். அடிப்பது பிழை என்று நினைக்கிற நேரங்கள் எனக்கும் உண்டு. அன்றைக்கு நான் அக்காவை மடியில் கிடத்திக்கொண்டு, அந்த அடிகள் ஒவ்வொன்றையும் ஆசை தீரப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு குளிர்கிறது.

ஆஸ்பத்திரி, முறைப்பாடு, வழக்கு எல்லாம் நடந்தன, வழக்கு இன்னும் நடக்கிறது. அக்கா என்னோடு அன்புவழிபுரத்தில் இருக்கிறாள். கை வளைந்துதான் பொருந்தியது. அந்தக் கையாலேயே சிப் ஏற்றப் பழகிவிட்டாள். கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, பாலையூற்றிலிருந்து ஒரு ரீச்சர் என்று ஒவ்வொருவராக இதே ஹோர்னைக் கேட்டு வருகிறார்கள். நாங்களும் செய்து கொடுக்கிறோம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அத்தான் கடைக்கு வந்தார். கை மடித்த வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, வடு விழுந்த உதடு. கதிரையை இழுத்துப் போட்டு அக்காவுக்கு முன்னால் இருந்தார். "பிழை முழுக்க என்னிலதான். நான் இப்ப பழைய ஆள் இல்லை. நீ இல்லாத வீடு வீடே இல்லை," என்றார். குரல் முன்பு போலவே தழுதழுத்தது. நான் பெரிய ஸ்குரூ ட்ரைவரை எடுத்தேன். அக்கா நிமிரவில்லை. அவளுடைய தோள் மெல்லத் தளர்வதைக் கண்டேன். போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சோதித்துப் பார்க்க மேசையில் பூட்டி வைத்திருந்த ஹோர்னின் சாவியை அழுத்தினாள். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் திடுக்கிட்டார், சிரித்தார், தொடர்ந்து கதைத்தார். உதடு அசைந்தது, கண்ணில் தண்ணீர் கூட வந்தது. அக்கா அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. மேசையில் இருந்த அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அந்த வாய் கெஞ்சக் கெஞ்ச, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் கை இறுகியது. பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அது திரும்ப விரிந்தது. அவர் எழும்பிப் போனார்.

அக்கா பற்றறி வயரைக் கழற்றினாள்.

"அந்தக் கையைக் கண்டியோடி?"

"ஓம்," என்றேன்.