நார்பர்ட் மாற்றாத ரப்பர் குழாய்

நார்பர்ட் கோசாக் எங்கள் சாகினா ஊரில் பிறந்து, இரும்பு வார்ப்பாலை ஒன்றில் முப்பது வருஷம் சோதனையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் செய்ததைக் குறை சொல்லச் சம்பளம் வாங்கிய ஆள். ஓய்வுக்குப் பிறகு அந்த வேலையை இலவசமாகச் செய்கிறான்.

அவனுடைய அறுபத்து நான்காம் வருஷத்து மாடல் காரை அவன் ஓட்டுவதைப் பார்த்தவர் ஊரில் குறைவு, துடைப்பதைப் பார்க்காதவர் இல்லை. கோடையில் புதன்கிழமை தோறும் பர்கர் கடை வாசலில் பழைய கார்க்காரர்கள் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலி போட்டு உட்காருவோம். இவன் மட்டும் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவான். வெட்கமே கிடையாது.

அந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று அவன் மகள் பாலெட் பத்து வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் சரி என்றிருந்தான். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஈனப்போகும் மாடு மாதிரி முனகல். ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்பை இரண்டு முறை மாற்றினான். முனகல் போகவில்லை. பிறகுதான் துரைக்கு என் ஞாபகம் வந்தது.

பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை ஓட்டச் சொன்னேன். சத்தமில்லை. மாட்டியதும் மறுபடி முனகல். எண்ணெய்த் தொட்டியைத் திறந்தால் பீர் மாதிரி நுரை.

"எங்கயோ காத்து இழுக்குதுடா. பம்பு மேல தப்பில்ல."

தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினேன். குதிகால் பித்தவெடிப்பு மாதிரி விரிசல். அரைமணி நேர வேலை.

"அது ஒரிஜினல்டா! கம்பெனி முத்திரை இருக்கு பாரு. மாத்துனா ஞாயித்துக்கிழமை பழைய கார் போட்டியில மார்க் போயிடும்."

பக்கத்தில் நின்ற பாலெட் கெஞ்சினாள். "அப்பா, சனிக்கிழமைதானே கல்யாணம். புதுசப் போட்டு ஓட்டிட்டு, ராத்திரியே பழச மாட்டிக்கோங்களேன்."

"கழட்டுனா நொறுங்கிடும்மா. சர்ச்சுக்கு டிரெய்லர்ல கொண்டாந்துடுறேன். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கோ."

"போட்டோவா கேட்டேன்?"

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை பாலெட் வெள்ளை கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வேனில் வந்தாள். காலடியில் என் நாயின் போர்வை கிடந்தது. சர்ச் வாசலில் கார் டிரெய்லர் மேலேயே பளபளத்தது. பக்கத்தில் கோட் சூட்டுடன் அவன், கிட்டே வந்த பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஆர்கன் ஆரம்பித்த நேரம் தூறல் போட்டது. அப்பாவின் கையைப் பிடித்து நடக்க வேண்டியவள் கதவருகே காத்திருந்தாள். நான் வெளியே ஓடினேன். அவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், பொண்ணு நிக்குதுடா!"

"ரெண்டே முடிச்சுதான், இந்தா வரேன்!"

ஆர்கன்காரர் அதே இசையைத் திரும்ப வாசித்தார். மூன்றாவது தடவை ஆரம்பித்ததும் பாலெட் பூங்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாகவே நடந்துபோனாள்.

மோதிரம் மாற்றிக்கொண்டிருக்கும்போது நார்பர்ட் சொட்டச் சொட்ட நனைந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு சொட்டுக்கூடப் படலடா," என்றான்.