குழாய் மாப்பிள்ளை

என் கணவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் என் அப்பா. கல்யாணப் பேச்சு நடந்தபோது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அப்பா கேட்க, இவர் பாவம், உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் சொல்றத அடுத்த புரோகிராமுக்குக் கொண்டுபோக ஒரு குழாய் இருக்கு சார். அது சரியா ஓடுதான்னு பாத்துக்கிறேன்." அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவரைப் பொறுத்தவரை குழாய் என்றால் தண்ணீர் வரும் குழாய்தான். கல்யாணம் முடிந்த கையோடு சமையலறைக் குழாய் ஒழுகியது, மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். இவர் ஸ்பேனரைத் தப்பான பக்கம் திருப்பி வீட்டையே நீச்சல் குளமாக்கினார். அன்றிலிருந்து குழாய் மாப்பிள்ளை.

இவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என்பது இவருக்கு வராது, அந்தத் துறையை மொத்தமாக எனக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் ஸாரி சொல்வார். கடையில் சட்டை அளவு மாறி வந்துவிட்டால், திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு அதையே இழுத்து இழுத்துப் போட்டுக்கொள்வார். யாருக்கும் தன்னால் தொந்தரவு வரக்கூடாது, யாரும் யாரையும் சத்தம் போடக்கூடாது. இப்படி ஒரு மனுஷன் என்னிடம் வந்து மாட்டினார்.

இவர் வேலை செய்வது ஷெல் என்ற ஒன்றில். கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதினால் கம்ப்யூட்டர் செய்யும். பல கட்டளைகளை வரிசையாகக் கோர்த்தும் விடலாம். இவரும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஷெல்லின் பெருமை, எந்த வகைக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஓடும் என்பது. அதில்தான் ஒரு சிக்கல். முதல் புரோகிராம் வரி வரியாகக் கொடுத்துக்கொண்டே போகும், அடுத்தது "முதல் பத்து வரி போதும்" என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். முதலாவது நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். குழாய் உடைந்துவிட்டது என்று இதைச் சொல்வார்கள். சில கம்ப்யூட்டர்களில் அது சத்தமில்லாமல் அடங்கிவிடும். வேறு சிலவற்றில் ஷெல் சிவப்பு எழுத்தில் கத்தும். "கேட்டது கிடைச்சிடுச்சு, அப்புறம் எதுக்கு என்னைத் திட்டுது?" என்று எங்கெங்கிருந்தோ புகார் எழுதினார்கள்.

சிவப்பு எழுத்து என்றால் இவருக்கு ஆகாது. உட்கார்ந்து சரிசெய்தார். குழாய் உடைந்தால் இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஷெல் வாயைத் திறக்காது, எல்லாம் நல்லபடி முடிந்தது என்றே கணக்கு. கூட வேலை செய்கிறவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இவர் என்னையும் கூப்பிட்டு, ஒன்றுமே தெரியாத கறுப்புத் திரையைக் காட்டி, "பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார். எனக்கு என்ன புரிந்தது, நல்லா இருக்கு என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். நடுத்தெருவில் "பிரேக்! பிரேக்க மிதி!" என்று அலறியே பிழைத்த மனுஷனுக்குக் குரல் போகப் போகிறது. ஆப்பரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிவுசெய்து வைத்தால், பிறகு ஒரு கருவி அதே குரலில் பேசும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்கென்று தனி அறை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பதிவு செய்கிற பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. அப்பா நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் படித்தார். தண்ணி வேணும், ஜன்னலைத் திற என்கிற மாதிரியானதெல்லாம் முதலில். எங்கள் பெயர்கள், என்னை அவர் கூப்பிடும் செல்லப் பெயர், அவருக்குச் சொல்லத் தோன்றியவை எல்லாம் கடைசியில். அதைப் படிக்கும்போது என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார், வெட்கமாம்.

அந்த அறைக் கம்ப்யூட்டரில் இவர்கள் ஷெல்தான் ஓடியது. இவருக்கு வாயெல்லாம் பல். பதிவுகளை ஒரு புரோகிராம் எடுத்துக்கொடுக்க, நடுவில் ஒன்று அவற்றின் அளவைச் சுருக்க, கடைசியாக ஒன்று வேறொரு கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சேமிக்கும். முடிந்தது என்று திரையில் வந்தால், அடுத்த நோயாளிக்கு இடம் வேண்டுமே, அறையில் இருக்கும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை. அந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்தாள்.

ஆப்பரேஷன் முடிந்து, கருவியைத் தயார்செய்யப் போனபோதுதான் தெரிந்தது. சேமித்ததில் ஆரம்பத்துப் பதிவுகள் மட்டும் இருந்தன. தண்ணி இருந்தது, ஜன்னல் இருந்தது. நான் இல்லை. இவ்வளவை வைத்துப் புதிதாக எதையும் பேசவைக்க முடியாது என்றார்கள். "எங்க ஸ்டாஃப் அவசரப்பட்டு அழிச்சிட்டாங்க, வருந்துறோம்" என்றார் நிர்வாகி. அப்பா படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்தார், வாய் மட்டும் அசைந்தது.

எனக்கு மூக்கு மேல் கோபம். வீட்டுக்கு வந்து, அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன், இவரும் கேட்கட்டும் என்று. வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உனக்கெல்லாம் அப்பா இருக்காரா? அவர் குரல இப்படித்தான் குப்பையில போடுவியா?" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் அழுதுகொண்டே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "முடிஞ்சதுன்னு வந்துச்சு மேடம். வந்த பிறகுதான் அழிச்சேன்." பொய் சொல்லாதே என்று நான் போனை வைத்தேன். இவர் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மாமனாரை நினைத்து உடைந்துபோயிருக்கிறார் என்று நினைத்து, அவர் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார், எழுந்து போவார், மறுபடி உட்கார்வார். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. இவர் அப்பா இருந்த அறைப்பக்கமே போகவில்லை. என்னதான் ஆச்சு என்று ஒரு மத்தியானம் பிடித்து உலுக்கிவிட்டேன். நேராக அப்பாவின் கட்டிலருகே போய் நின்றார்.

"மாமா, அந்தப் பொண்ணு பொய் சொல்லல. முடிஞ்சதுன்னு வந்திருக்கும். அப்படி வரவச்சது நான்தான்."

எங்களுக்குப் புரியவில்லை. "வரிசையா நின்னு செங்கல் கைமாத்துறாங்கன்னு வைங்க" என்றார். "நடுவுல இருக்கறவன் போதும்னு சொல்லிட்டுப் போகலாம். இல்ல, மயங்கியும் விழலாம். ரெண்டுலயும் முதல் ஆளுக்குக் கல்லை வாங்கிக்க ஆள் இல்ல. அவன் போனானா, விழுந்தானான்னு நான் பார்த்திருக்கணும். பார்க்கல. ரெண்டுக்கும் சேர்த்து, எல்லாம் சரியா முடிஞ்சதுன்னு சொல்ல வச்சிட்டேன். அன்னைக்கு சுருக்குற புரோகிராம் பாதியில விழுந்திருக்கு. பழைய ஷெல்லா இருந்தா அந்த வகைக் கம்ப்யூட்டர்ல சிவப்பா கத்தியிருக்கும். அந்தப் பொண்ணு அழிச்சிருக்க மாட்டா." அவள் போனில் சொன்ன உடனேயே சந்தேகம் வந்ததாம். அன்றே தன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து உறுதியும் ஆகிவிட்டதாம்.

நான் கத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. அப்பா சிலேட்டை எடுத்தார். என் குரல் என்று எழுதுவார், அல்லது இவரைத் திட்டி எழுதுவார் என்று பயந்தேன். 'அந்தப் பொண்ணு வேலை?' என்று எழுதினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இவர் அன்று சாயங்காலத்துக்குள் ஷெல்லைத் திருத்தினார். வாங்குகிற புரோகிராம் நல்லபடியாகப் போயிருந்தால் மட்டும் அமைதி, விழுந்திருந்தால் கத்தவேண்டும். தப்பு தன்னுடையதுதான் என்று உலகமே படிக்கிற இடத்தில் எழுதியும் போட்டார். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சொல்ல இவருக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. மறுநாள் மருத்துவமனைப் படி ஏறும்போதுதான் இரண்டு தடவை திரும்பி இறங்கப் பார்த்தார். அப்பாவும் வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதெல்லாம் சகஜம் சார் என்று கை குலுக்கினார். இவரைக் காபி சாப்பிடச் சொன்னார். படித்தவன், தானாக வந்து ஒப்புக்கொண்டவன் என்று ஒரே மரியாதை. அந்தப் பெண்ணைத்தான் பதிவறையிலிருந்து எடுத்து, கீழே ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். ஜன்னலில்லாத அறை. ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

நான்தான் முதலில் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. "விடுங்க மேடம்" என்றாள். "அப்பா விஷயம்னா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும்." அப்பா அவள் தலையில் கைவைத்தார். இவர் செங்கல் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். நீ செய்தது சரி, மேலே நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன், உனக்குப் பழைய இடம் கிடைத்துவிடும் என்றார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நான் அழித்ததால்தான் போயிற்று என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு எதையோ யோசித்தாள்.

"சார், அன்னைக்கு மேடம் போன்ல என்னைத் திட்டினாங்களே. முடிஞ்சதுன்னு வந்துச்சுன்னு நான் அழுதேனே. அப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருந்தேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து லேபிள் ஒட்ட ஆரம்பித்தாள்.