சூரன்போருக்கு ஒரு வேட்டை லீவு

கனடாவின் மிசிசாகாவில், தயிர்ப் பேணிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் திருத்துகிறவனாக வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் சூப்பர்வைசரோடு சேர்த்து ஐந்து பேர். என்னைத் தவிர மற்ற நால்வரும் வேட்டைக்காரர்கள். நவம்பர் பிறந்து மான் வேட்டைக் காலம் தொடங்கியதும் நால்வரும் ஒரே நாளில் மறைந்துவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துத் தாடியோடும் இறைச்சியோடும் திரும்பி வருவார்கள். அதுவரைக்கும் முழுத் தொழிற்சாலைக்கும் மெஷின் திருத்த நான் ஒருவன்தான்.

ஆளில்லாத வாரம் அது என்பது மெஷின்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வருடம் முழுவதும் ஒழுங்காக ஓடிய கன்வேயர் அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் படுக்கும். அதை எழுப்பிவிட்டு நிமிர்ந்தால் மூன்றாம் மெஷின் மூடிகளைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு.

இதைவிடப் பெரிய பிரச்சினை வீட்டில் இருந்தது. சில வருடங்களில் கந்தசஷ்டியும் இந்த வேட்டை வாரமும் ஒன்றாக வந்துவிடும். என் மனைவி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பவள். கடைசி நாள் சூரன்போருக்கு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டியவன் மிசிசாகாவில் கன்வேயருக்குக் கீழே கிடப்பேன். வேலை முடிந்து, எங்கள் வீடிருக்கும் ஸ்காபரோவுக்கு வந்து சேரும்போது சூரனை வெட்டி, மாமரமாக்கி, சேவலும் மயிலுமாகப் பிரித்து, பிரசாதமும் கொடுத்து முடித்திருப்பார்கள்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து சூரனை நான் தனியத்தான் பாக்கிறன்," என்றாள் ஒருநாள். "அடுத்த வருசமும் நீங்கள் வராட்டில் சூரனுக்குப் பதிலா உங்களைத்தான் அந்த இடத்தில வைச்சுப் பாப்பன்."

மறுநாளே சூப்பர்வைசரிடம் போனேன். மெலிந்த, மீசை வைத்த, நல்ல மனிதர். அவருடைய அறைச் சுவரில் ஒரு மான்தலை மாட்டியிருந்தது. நான் பேசும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பதா, அதன் முகத்தைப் பார்ப்பதா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

"அடுத்த வருடம் நவம்பர் முதல் வாரம் எனக்கு லீவு வேண்டும். கோயில் திருவிழா இருக்கிறது," என்றேன்.

"அது வேட்டை வாரமாயிற்றே," என்றார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. "வேறு எந்த வாரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இந்த வாரம் மட்டும் வேட்டைக்காரர்களுக்கு. நான் வருவதற்கு முன்பிருந்தே இங்கே அப்படித்தான்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, நான் மனம் நொந்திருப்பேன் என்று நினைத்தோ என்னவோ, அவராகவே மறுபடியும் சொன்னார். "நான் பக்கம் சாய்கிற ஆள் இல்லை. நீ வேட்டைக்காரனாக இருந்தால் உனக்கும் தந்திருப்பேன். இவர்கள் எல்லோரும் சாட்சி."

அன்று 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவேயில்லை. யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மோர்னிங்சைட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது முடிவெடுத்திருந்தேன்.

"நான் வேட்டைக்காரனாகப் போறன்," என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழ் பார்த்தாள். "கோழிக்கடையில மற்றப் பக்கம் திரும்பி நிக்கிற ஆள் நீங்கள்."

"லைசென்ஸ் மட்டும் எடுத்தாக் காணும். சுடத் தேவையில்லை. அதுக்கு முதல் துவக்குப் பாடம் ஒண்டு படிக்கோணும்."

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள். இப்ப காசு கட்டித் துவக்குப் படிக்கப் போறியளோ?"

"சூரன்போர் பாக்கத்தான்."

"சூரன்போருக்கு வேல் காணும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெண்டைக்காயை எடுத்தாள்.

வகுப்பு ஒரு சனி, ஞாயிறில் நடந்தது. படிப்பித்தவர் வயதான ஒரு முன்னாள் இராணுவக்காரர். இதற்குமுன் துவக்கோடு ஏதாவது பழக்கம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் தகப்பனோடு வாத்துச் சுடப் போனதைச் சொன்னார். என் முறை வந்தது. "இதன் மற்ற முனையைத்தான் பார்த்திருக்கிறேன்," என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னை முன்வரிசைக்கு வரச்சொல்லி, அந்த இரண்டு நாளும் துவக்கைப் பிடிப்பதிலிருந்து பூட்டி வைப்பதுவரை பொறுமையாகச் சொல்லித்தந்தார். பரீட்சையில் நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணினேன். பிறகு வேட்டைப் பாடமும் படித்து, எல்லா லைசென்ஸ் அட்டைகளும் தபாலில் வந்து சேரக் கோடை முடிந்துவிட்டது.

அவற்றைச் சூப்பர்வைசரின் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவடியில் நின்ற மூன்று பேரில் ஒருவர் நியூபவுண்ட்லாந்துக்காரர். எங்கள் எல்லோரிலும் மூத்தவர், கதவை முழுதாக அடைத்து நிற்கும் உடம்பு. அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதான் எங்கள் முன்னால் சொன்னாய்," என்று சூப்பர்வைசருக்கு நினைவுபடுத்தினார்.

சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. ஆனால் ஐந்து பேரும் போனால் மெஷின்களை யார் பார்ப்பது? யாராவது ஒருவர் நிற்கவேண்டும். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் நிற்பது எங்கள் இடத்து வழக்கம். ஐவரில் கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று எல்லோரும் யோசித்தோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடை தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் பிறகு, சூப்பர்வைசராகவே வந்து சேர்ந்த அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மான்தலையைக் காரணமே இல்லாமல் நேராக்கினார்.

என்னுடைய திட்டம் எளிமையானது. வேட்டை லீவை எடுத்துக்கொண்டு ஆறு நாளும் கோயிலுக்குப் போவது. அதை நியூபவுண்ட்லாந்துக்காரர் குலைத்தார். "சூப்பர்வைசரின் கட்டில் இப்போது சும்மா இருக்கிறது. நீ எங்கள் கேம்புக்கு வா," என்று என் தோளில் கையைப் போட்டார். அந்தக் கையின் பாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு தலையாட்டினேன். படித்துப் பாஸ் பண்ணி, சூப்பர்வைசரின் இடத்தையும் பிடித்தவன் வீட்டில் இருந்தான் என்றால் நன்றாகவா இருக்கும்?

"கேம்ப்" என்ற சொல் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் அது ஆமிக்காரர் துவக்கோடு இருந்த இடம். இது காட்டுக்குள் ஒரு மரவீடு மட்டும்தான் என்று விளக்கினேன். சூரன்போர் வியாழக்கிழமை. அன்று விடியவே புறப்பட்டு நேரே கோயிலுக்கு வருவதாகச் சத்தியம் செய்தேன். "முருகன் பேரில சத்தியம் பண்ணாதேங்கோ. அவருக்கு வேற வேலை இருக்கு," என்றாள்.

வடக்கே நாலு மணித்தியால ஓட்டம். மரவீட்டில் ஒரு விறகு அடுப்பு, நாலு கட்டில், எலிகள். முதல் நாள் விடியப் புறப்படும்போது நியூபவுண்ட்லாந்துக்காரர் என் அருகில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்ன பூசியிருக்கிறாய்?"

தடிமன் பிடிக்காமல் இருக்க நெஞ்சிலும் நெற்றியிலும் தைலம் பூசியிருந்தேன். மனைவி தந்துவிட்டது.

"இதை மான் அடுத்த மாகாணத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடும்," என்றார். எல்லோரும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, இரவல் துவக்கு ஒன்றோடு என்னை எவருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில், ஒரு மரத்தில் சாத்திய ஏணியின் மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கச் செம்மஞ்சள் அங்கி, செம்மஞ்சள் தொப்பி. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று அடிக்கடி அசைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்தக் குளிரில், ஒன்றும் செய்யாமல், ஒருவரோடும் பேசாமல் இருப்பதற்காக வளர்ந்த மனிதர்கள் வருடம் முழுவதும் காத்திருப்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. மத்தியானம் ஆகும்போது கொஞ்சம் விளங்கியது. கன்வேயர் சத்தம் காதுக்குள் இல்லை. அது எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் கன்வேயர் என்னை விடவில்லை. மரவீட்டுக்குப் பின்னாலுள்ள பாறை மேட்டில் மட்டும் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். தினமும் மத்தியானம் நான் அதில் ஏறிச் சூப்பர்வைசருக்குப் போன் எடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வழுக்குப் பாறை என்பதால் துவக்கை மரவீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

புதன்கிழமை அவர் குரல் நைந்துபோயிருந்தது. "மூன்றாவது மெஷின் என்னை வெறுக்கிறது."

"இடப்பக்க ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு கதவில் ஒரு தட்டு."

"எவ்வளவு பலமாக?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருபது அடி தள்ளி, பாறைக்குக் கீழே ஒரு மான் நின்றது. கொம்பு கிளை கிளையாகப் போய்க்கொண்டிருந்தது. என்னையே பார்த்தது.

"ஹலோ? எவ்வளவு பலமாகத் தட்டுவது?"

"மான்," என்றேன் மெதுவாக.

மறுமுனையில் அவரும் குரலைத் தாழ்த்தினார், மிசிசாகாவில் இருந்துகொண்டு. "எத்தனை கிளை?"

எண்ணினேன். "பத்து."

"கடவுளே. சுடு."

"துவக்கு வீட்டில்."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மான் ஒருமுறை மூக்கை உயர்த்தி என்னை மணந்து பார்த்தது. தைலம் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குனிந்து இரண்டு வாய் புல்லைக் கடித்துவிட்டு, அவசரமில்லாமல் மரங்களுக்குள் நடந்தது.

"போய்விட்டதா?"

"போய்விட்டது."

"அந்தப் பாறையில் நான் எத்தனை வருடம் நின்றிருக்கிறேன் தெரியுமா?" என்றார். பிறகு, "கதவில் எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும்?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் நியூபவுண்ட்லாந்துக்காரருக்கு ஒரு சிறிய மான் கிடைத்தது. மறுநாள் நான் புறப்படும்போது என் பங்கென்று ஒரு ஐஸ் பெட்டி நிறைய இறைச்சியைக் காரில் ஏற்றினார். விரதம், கோயில் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "கேம்பில் படுத்தவனுக்குப் பங்கு உண்டு," என்று டிக்கியை மூடிவிட்டார்.

வழியில் எங்காவது இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். வீதி திருத்தும் வேலைக்குள் அகப்பட்டு நேரம் போய்விட்டது. கோயிலுக்கு வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் சூரனைத் தூக்கித் தயாராக நின்றார்கள். வேட்டிக்கு மேலே குளிர் ஜாக்கெட் போட்ட கூட்டம். மனைவி எங்கள் பக்கத்து வீட்டு அண்ணையின் காரில் வந்து காத்திருந்தாள். அவர் மன்னார்க்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், கேட்காமலே உதவி செய்கிறவர். செம்மஞ்சள் அங்கியோடு நான் இறங்கியதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"வந்திட்டியள்," என்றாள். "நீங்கள் போக முதல் என்ர சால்வையை இந்த டிக்கியில வைச்சனான், எடுக்கிறன்."

நான் தடுக்கும் முன் திறந்துவிட்டாள். குண்டும் குழியுமான வீதியில் ஐஸ் பெட்டியின் மூடி விலகியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"உது என்ன?"

"மான். நான் சுடேல்லை. தந்தது."

"ஆறாம் நாள் விரதத்தில, கோயில் வாசலில."

ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. "வள்ளியின்ர தகப்பனும் வேடன்தானே. முருகனே வேடன் வேசத்தில போனவர்."

"வள்ளியைப் பெத்தது ஆர் எண்டு தெரியுமோ?"

தெரியும்.

"மான்," என்றாள். "அவவின்ர தாயைப் பெட்டியில அடைச்சுக் கொண்டந்திருக்கிறியள்."

மேளம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணை மெல்ல வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கு இண்டைக்கு ஒரு விரதமும் இல்லை. இதை நான் கொண்டுபோறன். நீங்கள் ரெண்டு பேரும் போய்ச் சாமியைப் பாருங்கோ," என்று பெட்டியைத் தூக்கித் தன் காருக்குக் கொண்டுபோனார். என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு டிக்கியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மிச்சத்தை என்மேல் தெளித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்துப் போனாள். சூரன் யானைமுகம் மாற்றி, சிங்கமுகம் மாற்றி எங்களுக்கு முன்னால் துள்ளினான். அவள் கையை விடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தோள் குலுங்குவதில் கண்டுபிடித்தேன்.

மறுநாள் விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்குப் பிறகு அண்ணை வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் மான் கறி வந்தது. நான் அதைத் தொடவில்லை. பின்னேரம் பார்த்தபோது பாத்திரம் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் மட்டும்தான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இனிமேல் வேட்டை வாரத்தை இரண்டாகப் பிரித்து ஆள் மாறி ஆள் லீவு எடுப்போம், கோயிலும் அந்தக் கணக்கில் சேரும் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். மூன்றாம் மெஷினோடு கழித்த வாரம் அவரை இளக்கியிருக்கவேண்டும். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த மான் எவ்வளவு உயரம்?"

கையை நெஞ்சளவில் பிடித்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் உயர்த்தினேன். அப்போதுதான் அவருக்குத் திருப்தியாக இருந்தது.