வராமல் போன இருமல்

"...ஏரிய ஒட்டுனாப்புலயே கூடாரம் போட்டுத் தர்றாகளாம்க்கா, விடிஞ்சதும் அக்கரையில யானைக தண்ணி குடிக்கிறது தெரியுமாம்" என்று என் கட்டிலில் உட்கார்ந்தபடி தங்கை சரசு சொன்னாள். பேரப்பிள்ளைகளோடு ஆனையிறங்கல் அணைக்குப் போகிறாளாம். எனக்கு வயிறு எரிந்தது. இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் அவளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. "மலைக்காத்து பட்டாத்தான் நிக்கும்" என்று அம்மா அவளை மாமாவோடு போடிமெட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டாள். மாமா அதே அணையோரம் ஓர் ஏலக்காட்டில் காவல்காரர். வாசலில் நின்றால் தண்ணீர் தெரியும் பலகை வீடு. எனக்கோ போடி வெயிலும் வேர்க்குருவும்தான். அது கொடுத்துவைத்த இருமலாகத் தெரிந்தது. எனக்கும் வந்தால் அனுப்புவார்கள் என்று, அவள் மிச்சம் வைத்த பாலையெல்லாம் அவள் கிளம்பும் முன்பே குடித்து வைத்திருந்தேன். வரவே இல்லை. சும்மாவாவது இருமிப் பார்த்தேன்.

"நடிக்காதடி, போயி வெரசா தண்ணி கொண்டா" என்றாள் அம்மா.

சரசு இருமல் நின்று, கன்னம் உப்பி ஊர் திரும்பினாள். ஜீப்பில் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வந்ததில் பாவாடையெல்லாம் அந்த வாசனை. "யானைக்குட்டி நீந்துச்சு" என்று தெருவுக்கே சொன்னாள். நான் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.

இப்போதாவது கூப்பிடுவாள் என்ற ஆசையில், "எனக்குத்தான் முழங்கால் வலியாச்சே, நான் எங்கிட்டு வர?" என்றேன்.

"அதத்தான்க்கா நானும் நெனச்சேன்" என்று எழுந்தவள், என் பீரோவைத் திறந்து, மகன் எனக்கு வாங்கித் தந்த கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டு, கண்ணாடி முன் நின்று பொத்தான்களை மாட்டினாள்.