அழுகிற பல்லுக்கு அம்மா என்று பெயர்

“அம்மா, நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது பல்லே வெளக்கலையா?”

என் மகள்தான் இப்படிக் கேட்டாள். அவள் பெயர் கனிஷ்கா, ஒன்றாம் வகுப்பு. பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் பள்ளி. அங்கே இப்போது பல் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு படத்தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தார்கள். தாளில் இரண்டு பற்கள். தினமும் பல் துலக்குகிற பிள்ளையின் பல் கிரீடம் வைத்துக்கொண்டு வெள்ளையாகச் சிரிக்கிறது. துலக்காத பிள்ளையின் பல் அழுகிறது. அதற்குப் பழுப்பு நிறம் அடிக்க வேண்டும். கனிஷ்கா கோட்டைத் தாண்டாமல் அழகாக அடித்திருந்தாள். சிரிக்கிற பல்லுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அழுகிற பல்லுக்குக் கீழே ‘அம்மா’ என்று எழுதி, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

அவள் மேல் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினாள். என் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் உண்டு, டீக்கறை படிந்த பீங்கான் மாதிரி. கல்யாண ஆல்பத்தில் மட்டும் இருக்காது. அரியலூர் ஸ்டுடியோக்காரர் என்னைக் கேட்காமலே கம்ப்யூட்டரில் சரிசெய்துவிட்டார். அதில் நான் சிரிக்கும் ஒரே படத்தில், என் வாய்க்குள் யாரோ டியூப்லைட் போட்டதுபோல் இருக்கும். ஆல்பத்தை எடுத்துக் காட்டி என் தரப்பை நிரூபிக்கலாம் என்று பார்த்தேன். கனிஷ்கா உற்றுப் பார்த்துவிட்டு, “கல்யாணத்தன்னிக்கு மட்டும் வெளக்கியிருக்க” என்றாள்.

இந்தக் காலத்துப் பேஸ்ட்டில் ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிறது. மகளுக்கு அதைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு வேறு ஒரு வாசனை மூக்கில் ஏறும். ரோஸ் நிறப் பல்பொடி. கிராம்பும் வேறு ஏதோ காரமும் கலந்த வாசனை. அரியலூர் பக்கம், சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடுகிற சாலையோர ஊர் எங்களுடையது. மற்றத் தெருக்களுக்குக் கிணறு உண்டு, எங்கள் தெருவுக்கு ஒரு அடிபம்புதான். அதன் அடியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் பொடியைக் கொட்டி, அம்மா விரலால் தேய்த்துவிடுவார். அந்தத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். எங்களுக்குத் தண்ணீர் என்றாலே அந்த ருசிதான் என்பதால் அது கரிப்பு என்றே தெரியாது.

எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தெரியும். அவர் அரியலூர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். வரும்போதே குடிக்கத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார். “இந்த ஊருத் தண்ணிய மனுசன் குடிப்பானா?” என்று மற்ற டீச்சர்களிடம் சொல்வார். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மனுசர்கள் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு அப்படியோர் ஆர்வம். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பல் பார்ப்பார். குழாயடி ஓரமாக வரிசையில் நிற்க வேண்டும். அவர் எதிரே வந்ததும் ‘ஈ’ என்று காட்ட வேண்டும். உதடு சரியாக விலகவில்லை என்றால் மர ஸ்கேலின் முனை விலக்கிவிடும். வெள்ளைப் பல் எல்லாம் வகுப்புக்குள் போகும். பழுப்புப் பல் வெயிலில் நிற்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் மொத்தமாக வெயிலில் நிற்போம். ஒரு தெருவே சேர்ந்தாற்போல் பல் துலக்காமல் இருக்குமா என்று ஒருநாளாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. “ஒங்க தெருவுல பல்லு வெளக்குறது பாவமாடீ?” என்று கேட்பார்.

எரிச்சல் வருகிற விஷயம் இன்னொன்றும் உண்டு. அவர் சொல்லிக்கொடுத்த முறை சரியானது. மேல்பல்லை மேலிருந்து கீழே, கீழ்பல்லைக் கீழிருந்து மேலே, கடைசியில் நாக்கு. இன்றைக்கும் அப்படித்தான் துலக்குகிறேன். எனக்கு ஒரு சொத்தைப்பல் கிடையாது. கனிஷ்காவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த டீச்சரின் வார்த்தைகள் அப்படியே என் வாயில் வருகின்றன. பாதியில் நிறுத்திவிட்டு வேறு வார்த்தை தேடுவேன். கிடைக்காது.

ஒரு திங்கட்கிழமை மதியம் நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா முந்திரிக்காட்டு வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். புடவையைக்கூட மாற்றாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வகுப்பு வாசலில் நின்று, “எம் பொண்ணு பல்லு வெளக்காம காப்பித்தண்ணி கூட குடிக்காதுங்க டீச்சர்” என்றார்.

“அப்பக் கறை எங்கேர்ந்து வந்துச்சு? நான் வந்து பூசிட்டுப் போனனா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து வந்து, “எங்க, நீ வாயத் தெற, பாப்போம்” என்றார்.

அம்மா ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வேறு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பல் பளிச்சென்று இருக்கும். தன் பல்லைக் காட்டினால் எங்கள் வீட்டு மானம் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அத்தனை பிள்ளைகள் நடுவில் வாயைத் திறந்தார்.

“பாத்தீங்களாடா? தனக்கு மட்டும் நல்லா வெளக்கிக்கத் தெரியுது. பெத்த புள்ளைக்கு வெளக்கி விட ஒடம்பு வளையல” என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், போ” என்றார்.

அம்மா வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். மறுநாள் காலையிலிருந்து என் பற்களைப் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். சாம்பல், உப்பு, கரித்தூள் எதையும் விடவில்லை. துப்பினால் எச்சில் சிவப்பாக வரும். “இன்னுங் கொஞ்சந்தான், இன்னுங் கொஞ்சந்தான்” என்பார். எனக்கு வலித்ததைவிட அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போதுதான் என் பக்கத்து வீட்டுச் செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊர் எல்லையில் வேகத்தடை உண்டு. அதில் ஏறி இறங்கும்போது லாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் துண்டுகள் விழும். எங்களுக்கு அதுதான் பாண்டி ஆடவும் கோடு போடவும் சாக்பீஸ். அதைத் துணி துவைக்கிற கல்லில் வைத்து நுணுக்கினால் டவுன் பிள்ளைகளின் பல்பொடி மாதிரியே வெள்ளை வெளேரென்று வரும். ரோஸ் பொடியில் தேய்ப்பதால்தான் நம் பல் இப்படி இருக்கிறது, வெள்ளைப் பொடியில் தேய்த்தால் வெள்ளையாகிவிடும் என்றாள் செல்வி. சிமெண்ட் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது. திங்கட்கிழமை பிரேயர் முடிந்து டீச்சர் வருவதற்குள் குழாயடியில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் குழைத்துப் பூசிக்கொண்டோம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வரிசையில் நின்றோம்.

டீச்சர் வந்தார். ‘ஈ’ காட்டினோம். அவர் முகம் மலர்ந்தது. “இப்பப் பாருங்க, சொல்ற வெதத்துல சொன்னா வெளக்குறீங்கல்ல” என்று என் தலையில் கை வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி அவரை எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ‘தினமும் பல் துலக்குவோம்’ என்ற உறுதிமொழி சொல்ல என்னையே கூப்பிட்டார். இரண்டு வரி சொல்வதற்குள் வாயோரத்தில் வெள்ளைக் கூழ் வழிந்து சட்டையில் சொட்டியது.

எல்லோரையும் கொப்பளிக்க வைத்தார். வெள்ளை போனதும் பழுப்பு வந்தது. “செவுத்துக்கு வெள்ளையடிச்சா பழைய வூடு புதுசாயிடுமா?” என்றார். அன்று பள்ளி விடும்வரை எனக்குச் ‘சுண்ணாம்பு’ என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்பு முடியும்வரையும் அதே பெயர்.

கல்லூரியில் படிக்கும்போது ஞானப்பல் முளைக்கிற வலி என்று பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பார்த்தவுடன் எந்த ஊர் என்று கேட்டார். “சின்ன வயசுல குடிச்ச போர் தண்ணிம்மா, அதுல புளோரைடு ஜாஸ்தி. பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஏறின கறை. எத வச்சுத் தேச்சாலும் போகாது” என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம்தான் வந்தது. என் ஈறுகளில் வந்த ரத்தம், அம்மா திறந்த வாய், எல்லாம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசிக்காத ஒருத்தியால்.

அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டுதான் இந்தத் திங்கட்கிழமை கனிஷ்காவின் பள்ளிக்குப் போனேன். பழுப்பு என்றால் துலக்காத பல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்பதை ஆட்டோவில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வகுப்பு டீச்சர் சின்னப் பெண், என்னைவிட இளையவள். “சின்னப் பசங்களுக்குப் புரியணும்னு சிம்பிளா வச்சிருக்கோம் மேம். நல்லதுக்குத்தானே” என்றாள், சிரித்துக்கொண்டே. அவள் கண் ஒரு கணம் என் பல்லுக்குப் போய் வந்தது. “பரவால்ல மேம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் கையால் வாயை மறைத்துக்கொண்டு.

சரி, மகளிடமாவது உண்மையைச் சொல்வோம் என்று உட்காரவைத்துச் சொன்னேன். நான் தினமும் துலக்கினேன், என் அம்மா, உன் ஆயா, துலக்கிவிட்டார்கள், இது தண்ணீரால் வந்தது என்றேன். கவனமாகக் கேட்டாள். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“அப்ப வெளக்குனாலும் இப்புடித்தானே வரும்? நான் எதுக்கு வெளக்கணும்?”

அன்றிலிருந்து காலையில் சண்டைதான். வாயைப் பூட்டிக்கொள்கிறாள். கன்னத்தை அழுத்தித் திறக்கும்போது என் கை அன்றைய அம்மாவின் கை மாதிரியே இருக்கிறது. பொய் சொல்லிவிட்டால் வேலை எளிது. ஆமாம், நான் துலக்கவில்லை, அதனால்தான் இப்படி என்றால் பயந்துகொண்டு துலக்குவாள். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் புலம்பினேன்.

“நான் வெளக்கி விடலன்னே சொல்லிப்புடு பாப்பா. புள்ள பல்லு நல்லா இருந்தாச் சரி. எனக்கென்ன, அப்பவே கேட்டதுதானே” என்றார்.

சாட்சிக்கு மகளை ஊருக்கு அழைத்துப்போய்க் காட்டலாமென்றால் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள், சிமெண்ட் மேடை மட்டும் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது தெருப்பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். எல்லாம் வெள்ளைப் பல். செல்வி திருப்பூரில் இருக்கிறாள், முன்பல்லுக்கு மூடி போட்டுக்கொண்டுவிட்டாள். டீச்சர் ஓய்வு பெற்று மகனோடு எந்த ஊரிலோ இருக்கிறாராம். அந்தப் பழுப்பு நிறம் எங்கள் வயதுக்காரர்களோடு அந்த ஊரைவிட்டே போய்விட்டது. என் வாயில் இருப்பது ஊர்த் தண்ணீர் என்று இனி யார் நம்புவார்கள்?

வருகிற திங்கட்கிழமை அம்மாக்கள் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து எல்லோர் முன்னாலும் பல் துலக்கிக் காட்ட வேண்டுமாம். தாள் இன்னும் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கிறது. என் மகள் பல் துலக்கவும் வேண்டும். துலக்கிவிட்ட என் அம்மாமேல் மறுபடி பழி விழவும் கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி, ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஒரு பதில் உங்களிடம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.